அம்மாவுக்குக் காமாலை இல்லை

11 மார்ச் 2025, செவ்வாய்

நானாஸ், உன் மகள்தான் என்னை எழுதச் சொல்கிறாள். "பெரியம்மா, நீங்க எங்க அம்மா படத்துகிட்ட வாய்விட்டுப் பேசுறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது லா. ரம்லா ஆன்ட்டி என்னைய நிறுத்தி விசாரிக்கிறாங்க. எழுதிப் பாருங்க, சத்தம் வராது" என்றாள் லோஷினி. மளிகைக் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. ஆறாம் வகுப்போடு பேனாவை வைத்தவள் நான். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாம் யோகேஸ்வரி, யோகேஸ்வரி. எனக்கு நீ நானாஸ்தான். பிறந்தபோது உன் முடி அன்னாசிப்பழக் கொண்டை மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. மலாயில் அன்னாசி என்றால் நானாஸ், அந்தப் பெயரை வைத்தவள் நான். கடைசியில் இரண்டு பேரும் பெக்கான் நானாஸ் ஊருக்கே வந்து, அன்னாசி டின்னில் அடைக்கிற பேக்டரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டினபோதுகூட நீ சொன்னாய்: "கொண்டைய வெட்டியாச்சுக்கா. இனி டின்ல போட வேண்டியதுதான் பாக்கி."

அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு மழை. துணி காயவில்லை.

14 மார்ச், வெள்ளி

ஜொகூர் பாருவிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு எடுத்த ரத்தத்தின் முடிவாம். ஆள் போய் ஆறு மாசம் கழித்து முடிவு! குடும்பத்தில் இந்தச் சினைப்பைப் புற்றைக் கொண்டுவருகிற மரபணு இரண்டு இருக்கிறதாம், அந்த இரண்டிலும் உனக்குக் கோளாறு இல்லையாம். லோஷினி முதலில் "அப்பாடா" என்றாள். அப்புறம், "அப்ப எதனால வந்துச்சு?" என்றாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். நீ ஏதோ ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறாயாம். எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்கிறார்கள். எப்போதடி கொடுத்தாய்? நான் உனக்குக் கஞ்சி வாங்கப் போன நேரத்திலா?

20 மார்ச், வியாழன்

லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் விஜயன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "உங்க தங்கச்சிதான் போயாச்சே அக்கா, இன்னும் என்ன ஆஸ்பத்திரி?" லீவு பாரத்தை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். நம்பர் எடுத்து உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது. டாக்டர் வாசுகி, நம் ஆள்தான். லோஷினியைவிட ஆறேழு வயசு கூட இருக்கலாம். தமிழில்தான் பேசியது அந்தப் பெண். நடுவில் தமிழ் தீர்ந்து இங்கிலீசுக்குப் போய், மறுபடி திரும்பி வந்தது.

"உடம்புல பெரிய மரபணு நிறைய இருக்கும்மா. ஒவ்வொண்ணும் ஒரு வேலையச் செய்யச் சொல்லும். நாங்க பார்க்கிறது ரொம்பப் பொடிசு. மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அது தானா ஒண்ணும் செய்யாது. மத்ததைப் பார்த்து 'போதும், கொறைச்சுக்கோ'ன்னு அடக்கி வைக்கும்."

"எங்க சூப்பர்வைசர் மாதிரி" என்றேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே வச்சுக்குங்க. அந்தப் பொடிசுல ஒரே ஒரு எழுத்து சில பேருக்கு மாறியிருக்கும். மாறினவங்களுக்கு சினைப்பைப் புற்று வர்றது கூடுதலா, குறைவா, இல்ல வித்தியாசமே இல்லையா, அதத்தான் தேடுறோம்."

"கூடுதலா?"

"இன்னும் தெரியலம்மா."

"என் தங்கச்சிக்கு மாறியிருந்துச்சா?"

"ஒருத்தர வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆயிரக்கணக்கான பேரோட ரத்தம் சேரணும். வருஷக்கணக்கா ஆகும். கடைசியில ஒண்ணும் இல்லைன்னுகூட முடியலாம்."

தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ளவா இரண்டு பஸ் மாறிப் போனேன்?

பிறகு ஒரு தாளில் நம் குடும்பத்தை வரைந்தது அந்தப் பெண். ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். இந்த நோய் வந்தவர் வட்டத்துக்குள் கறுப்பு. உன் வட்டம் மட்டும் கறுப்பு. "ஒருத்தர் மட்டும்னா லோஷினிய தனியா கூப்பிட்டுப் பார்க்கிற வரிசையில சேர்க்க மாட்டாங்க. அறிகுறி வந்தா வரச் சொல்லுவோம். நெருங்கின சொந்தத்துல ரெண்டு பேருன்னா கதை வேற. ஆராய்ச்சியிலயும் அப்படித்தான், ரெண்டு பேர் இருந்தா முழுக் குடும்பத்தையும் எடுத்துக்குவோம்" என்றது. "உங்க அம்மா எதனால இறந்தாங்க?"

"காமாலை."

"கண்ணு மஞ்சளா இருந்துச்சாம்மா?"

காமாலை என்றுதானே நாற்பது வருஷமாகச் சொல்கிறோம். கண்ணைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

24 மார்ச், திங்கள்

வேலையில் கை ஓடவில்லை. பழத்தில் கண் எடுக்கும்போது இரண்டு தடவை விரலைக் கீறிக்கொண்டேன்.

அம்மா கண் மஞ்சள் இல்லை நானாஸ்.

எனக்குப் பதினைந்து வயசு. உனக்கு ஏழு. பெக்கோக் தோட்டத்து லயத்தில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது நான்தான். சட்டியை வாங்கும்போது என்னைப் பார்க்கும். வெள்ளை வெளேரென்ற கண். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் சாரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

நீ அதன் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு, "அம்மா, உள்ள பாப்பா இருக்கா?" என்று கேட்டாய். நம் அண்ணன் ஓடி வந்து உன்னை அறைந்தார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. "அண்ணன் என்னைய வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் அடிச்சாரு, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

எதுக்கு அடித்தார்?

28 மார்ச்

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்கு என்ன சீக்குண்ணா?" என்று கேட்டேன். "காமாலை. ஏன், மறந்துபோச்சா?" கண் மஞ்சளாக இல்லையே என்றேன். போனை வைத்துவிட்டார்.

1 ஏப்ரல்

ரம்லா ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் கொண்டுவந்தாள், ஹரிராயா பெருநாள் பலகாரம். கூடவே ஒரு பை நிறைய டுரியான் பெலாண்டா இலை, முள்சீத்தாதான். "அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்க லோஷினிய. புத்து கித்து கிட்ட வராது. எங்க மச்சி சொன்னாங்க." நல்ல மனசு. உனக்கும் இப்படித்தான் ஒரு மூட்டை கொடுத்தாள், நீயும் மடக் மடக்கென்று குடித்தாய். என்ன ஆச்சு? அவளிடம் சொல்ல முடியுமா? வாங்கி வைத்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

தெப்ராவுக்குப் போனேன், அண்ணன் வீட்டுக்கு. இந்த வருஷத்திலிருந்து ஜொகூரில் வெள்ளிக்குப் பதில் ஞாயிறு லீவாகிவிட்டதால் அவர் மகன் யுகேந்திரனும் இருந்தான், பேத்தியும் இருந்தது. நல்ல குட்டி. அண்ணி மீன் குழம்பு வைத்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணா, லோஷினி உசுரு விஷயம். அம்மாவுக்கும் இதேதான்னா ஆஸ்பத்திரியில அவள விடாம பார்ப்பாங்க."

கை கழுவிக்கொண்டே சொன்னார்: "செத்து நாப்பது வருஷமாச்சு. இப்பப் போயி அவங்க வயித்தக் கிளறணுமா? அவங்க மானத்த ஆஸ்பத்திரியில ஏலம் போடப் போறியா நீ?"

"மானமா? சீக்குக்கும் மானத்துக்கும் என்னண்ணா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

ஐம்பத்தேழு வயசு எனக்கு. இன்னும் சும்மா இருக்கணுமாம்! இவருக்குத் தெரிந்திருக்கிறது, நானாஸ். தெரியாதவர் கோபப்பட மாட்டார், யோசிப்பார். இவர் யோசிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் ஒரு சீனக் கிழவி டிஷ்யூ கொடுத்தது.

9 மே

ஒன்றும் இல்லை. வேலை, வீடு.

22 மே, வியாழன்

உன் மகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். சிங்கப்பூர் பேக்டரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இந்த நோயைப் பற்றியே தேடுகிறாளாம். யாரோ வெள்ளைக்காரி முன்கூட்டியே சினைப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாளாம். "நானும் எடுத்துரட்டா பெரியம்மா? இருந்தாத்தானே வரும்?" என்கிறாள். கட்டின பிறகு பிள்ளை வேண்டாமா என்று கேட்டேன். "எங்க அம்மா என்னையப் பெத்து என்ன கண்டாங்க?" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பன்காரன் ஈப்போவுக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அம்மாவும் இல்லை. வருமா வராதா என்று ஒரு பேச்சாவது யாராவது சொல்ல வேண்டாமா?

23 மே

டாக்டர் வாசுகிக்குப் போன் பண்ணிக் கத்திவிட்டேன். "ஏதோ ஒண்ணச் சொல்லுங்களேன்! வரும்னு சொல்லுங்க, இல்ல வராதுன்னு சொல்லுங்க!" என்றேன். பாவம், அது திட்டவில்லை. "தெரியாதத தெரியும்னு சொன்னா அந்தப் பொண்ணு அத நம்பி உறுப்ப எடுத்துருவாம்மா" என்றது. "அந்தப் பொடிசு மரபணு எல்லாம் இன்னைக்கு லோஷினிக்கு உதவாது. இன்னைக்கு உதவுறது உங்க வீட்டுக் கதைதான். அம்மாவப் பத்தி வேற யாருக்காவது தெரியுமா?"

தெரிந்த ஒரு ஆள் தெப்ராவில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. அண்ணனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இதுவும் ஒரு புத்தி.

15 ஜூன்

அண்ணன் போனை எடுப்பதில்லை. அண்ணி எடுத்து, "குளிக்கிறாரு" என்கிறார். எப்போது பண்ணினாலும் குளிக்கிறார்.

7 ஜூலை

உன் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டேன். மடித்துத் திரும்ப வைத்தேன். எதற்கு என்று கேட்காதே.

2 ஆகஸ்ட், சனி

பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் லோஷினி சோற்றைத் தள்ளி வைத்தாள். "வேணாம் பெரியம்மா. வயிறு ஊதின மாதிரியே இருக்கு, ரெண்டு வாரமா. ஆங்கின்தான்" என்றாள்.

ஆங்கின்தான்!

நீ சொன்ன அதே சொல்லு நானாஸ். அதே மாதிரி கையால வயித்தத் தட்டிக்கிட்டு. வெறும் காத்துக்கா, ஆங்கின்தான்க்கா, ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்னு நீ அஞ்சு மாசம் ஓட்டினியே. மலாய்க் கெழவிகிட்ட வயித்த உருவிக்கிட்டியே. பாவாட நாடா எட்டலைன்னு பின்னு குத்திக்கிட்டு வேலைக்கி வந்தியே! இவளும் பொண்ணா பொறந்து அதையே சொல்றா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கத்தினேன். தட்டத் தூக்கி எறிஞ்சேன். அவ பயந்துபோயி அறைக்குள்ள போயிட்டா. ரம்லா வேலிகிட்ட வந்து நின்னா.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தார். குளிக்கிறார் என்று சொல்வதற்கு முன்னால் சொன்னேன்: "அவருகிட்ட சொல்லுங்க. லோஷினிக்கு வயிறு வீங்குது. ஆங்கின்னு சொல்றா. இனி நான் அவர ஒண்ணும் கேக்க மாட்டேன்."

4 ஆகஸ்ட், திங்கள்

விடிந்து காபி போடும்போது வாசலில் கார் சத்தம். அண்ணன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார். சுங்கச் சாவடியில் அட்டையைத் தட்ட மறந்து பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

டாக்டர் வாசுகிக்கு லோஷினி முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தாளாம். ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே வரும்வரை அண்ணன் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காருங்க என்று சொன்னால் காதில் விழவில்லை.

அப்புறம் நாலு பேரும் அந்தச் சின்ன அறையில். டாக்டர் ஸ்கேனைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் பேசிவிட்டார். யாரையும் பார்க்கவில்லை. சுவரில் ஒரு நாள்காட்டி, அதைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க அம்மாவுக்குக் காமாலை இல்ல டாக்டர். அப்பா லாரி மோதிச் செத்து ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. தாலி இல்லாத பொம்பளைக்கு வயிறு வருது. தோட்டத்துல என்ன பேசுவாங்க? வேலை வாங்குற தண்டல் பேரச் சொல்லிப் பேசினாங்க. அம்மா குழாயடிக்குப் போனா மத்த பொம்பளைங்க குடத்தத் தூக்கிட்டு நகர்ந்துக்குவாங்க. எனக்கு இருபது வயசு. டவுன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஓவரியில கட்டி, முத்திப்போச்சுன்னு சொன்னாங்க. அத லயத்துல போயி எப்படிச் சொல்றது? கர்ப்பப்பை பக்கத்துலன்னு வாயத் திறந்தாலே, 'பார்த்தியா, நாங்க அப்பவே சொன்னோம்ல'ன்னுவாங்க. காமாலைன்னு சொன்னேன். காமாலையில வயிறு வீங்கும்னு எல்லாரும் நம்பினாங்க. கீழாநெல்லி கொண்டாந்து குடுத்தாங்க. அப்புறம் யாரும் குடத்தத் தூக்கல."

மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தக் குட்டி வேற, உள்ள பாப்பா இருக்கான்னு கேட்டுச்சு. வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. அடிச்சுட்டேன்."

நீதான் அந்தக் குட்டி. கேட்டாயா?

டாக்டர் பெயர் கேட்டது. "பேச்சியம்மாள்" என்றார். பழைய தாளை எடுத்து, அம்மாவின் வட்டத்தைப் பேனாவால் மெதுவாகக் கறுப்பாக்கியது. நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அண்ணனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, தள்ளிவிடவும் தோன்றியது.

லோஷினிதான் கேட்டாள்: "டாக்டர், என்னோட ஸ்கேன்?"

சினைப்பையில் தண்ணீர்க் கட்டியாம். சின்னது. இந்த வயசில் வருவதும் போவதும் சாதாரணமாம். ஊதலுக்கு அது காரணமாக இல்லாமலும் இருக்கலாம், வேளைக்குச் சாப்பிடாததாலும் இருக்கலாம் என்றது. இரண்டு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கணும்.

வெளியே வந்ததும் அவளுக்குச் சோறு வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.

5 ஆகஸ்ட்

நேற்று விட்டுப்போனது. மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம், அந்தப் பொடிசு மரபணுவுக்கு. "ஆம்பளைகிட்ட எதுக்கு?" என்றார் அண்ணன். "ஆம்பளைங்க வழியாவும் இறங்கும் ஐயா. உங்களுக்கு வராது, உங்க பேத்திக்குப் போகலாம்" என்றது டாக்டர். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்தார்.

"முடிவு எப்ப வரும்?"

"தனித்தனியா யாருக்கும் வராது ஐயா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இந்த ரத்தத்தால உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இப்பச் சொன்னீங்களே, அதுதான் இவங்களுக்கு." என்னையும் காட்டியது. என்னையும்தான் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். "பார்த்தாலும் முன்னாடியே கண்டுபிடிச்சிருவோம்னு சத்தியம் பண்ண முடியாது. சினைப்பை அப்படி. ஆனா வயிறு ஊதினா இனி யாரும் அத காத்துன்னு அனுப்ப மாட்டாங்க. உறுப்ப எடுக்கிறதப் பத்தி இப்ப அவசரமே இல்ல, பிள்ளை குட்டின்னு ஆனதுக்கு அப்புறம் பேசலாம்."

லோஷினி தலையை ஆட்டினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சத்தியம் பண்ண முடியாதாம். இவ்வளவு இயந்திரம் வைத்துக்கொண்டு!

17 ஆகஸ்ட், ஞாயிறு

ரம்லாவிடம் சொன்னேன், எங்கள் அம்மாவுக்கும் சினைப்பையில்தான் என்று. வாய்விட்டு முதல் தடவை சொல்கிறேன். அவள் கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "என் மாமியாருக்கும் வயிறு வீங்கித்தான்" என்றாள். "யாரும் பேச மாட்டாங்க" என்றாள். மிச்சத் துணியை இரண்டு பேருமாகக் கொடியில் போட்டோம்.

28 ஆகஸ்ட், வியாழன்

இன்று உன் திதி. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் போனவள் நீ. மோதகம் மிச்சம் இருந்தது போன வருஷம்.

அண்ணன் முதல் ஆளாக வந்தார். கையில் காகிதத்தில் சுற்றி அம்மாவின் படம், பழைய சிவப்பு அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் அவர் வீட்டுச் சுவரில்கூட அம்மாவைப் பார்த்ததில்லை நான். உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பொட்டு வைத்தார். படையல் போட்டு முடிந்து, எல்லாரும் இலையில் உட்கார்ந்த பிறகு, யுகேந்திரன் தன் மகளை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அண்ணன் சொன்னார்: "உங்க பாட்டி காமாலையில சாகலடா. ஓவரியில கட்டி வந்து செத்தாங்க. அத்தையும் அதே. உன் மக பெரியவளானதும் இதச் சொல்லு. நான் இருக்க மாட்டேன், நீ சொல்லணும்."

அண்ணி எனக்கு ரசம் ஊற்றினார்.

எல்லாரும் போனதும் அண்ணன் உன் படத்துக்கு முன்னால் தனியாக நின்றிருந்தார். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. கண்ணாடியில் உன் கன்னம் இருக்கிற இடத்தை விரலால் துடைத்தார், தூசி இருந்த மாதிரி. தூசி இல்லை. காலையில்தான் நான் துடைத்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை நானாஸ். போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் அவர்மேல் வைத்த கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. யாரைத் திட்டுவது?

அக்டோபரில் லோஷினிக்குத் திரும்ப ஸ்கேன். விஜயனிடம் லீவு சொல்லிவிட்டேன். எனக்கும் அதே நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்றுதான் மனசில் கிடந்து அரிக்கிறது. அம்மாவுக்கு என்ன என்று உனக்கு அப்போதே தெரிந்திருந்தால், பாவாடை நாடா எட்டாமல் போன அன்றைக்கே நீ டாக்டரிடம் போயிருப்பாயா, இல்லை அப்போதும் வயிற்றைத் தட்டிக்கொண்டு ஆங்கின்தான்க்கா என்றுதான் சொல்லியிருப்பாயா?